கீழே வைத்த கத்தி

கத்தியை அவன் என் கையில் கொடுக்கவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவன் குனிந்து, என் காலுக்கு முன்னால் சிமெந்துத் தரையில் அதை வைத்துவிட்டு, "எடுத்துக்கங்க மாமா" என்றான். என் மனைவி பிளேன்டீயோடு கதவருகில் நின்றாள். மகள் காம்பரா அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றாள். எல்லோரும் பார்க்க நான் குனிந்து எடுத்தேன். எடுத்து நிமிர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன், இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் என்று.

ஹாலிஎலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் வேலை செய்த தோட்டம். காணி யாருடையது என்று என்னைக் கேட்கக் கூடாது. மகள் பதுளையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் பஸ்ஸில் போய் மாலையில் வருவாள். அந்தக் கடைக்குப் பின்னால் உள்ள மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்பவன்தான் இவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. "அப்பாவ வந்து பாருங்க" என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான், பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல், எனக்குப் பரிசாக ஒரு கத்தியோடு, தனியாக. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உட்காருவதற்கு முன்பே மாமா என்றதும் ஒரு மாதிரி இருந்தது. வலது கை விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தான். எங்கே கைகலப்போ, யாரோடோ என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்து வரிசை வீடுகளில் என்னைச் சந்தேகப் பேர்வழி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அரிசி வாங்கினால் மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். தீபாவளிக்கு யாராவது பலகாரம் கொடுத்தால், போன வருஷம் கொடுக்காதவர்கள் இந்த வருஷம் ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசித்த பிறகுதான் வாயில் வைப்பேன். என் மனைவி இவ்வளவு காலம் என்னோடு குடும்பம் நடத்தியதைப் பற்றியே எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் சந்தேகம் இல்லை. கோபம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி வயதாகி மேலே ஓடிவிட்டால், அதை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. வேலைக் காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். எங்கள் கூட்டத்தில் யாரும் கத்தியைக் கீழே வைக்க மாட்டோம். மலை முழுக்கக் கல். வைத்தால் கூர் போய்விடும். இல்லாவிட்டால் வெட்டிப்போட்ட வாதுக் கிளைகளுக்குள் கத்தி மறைந்து, பின்னால் வருகிறவன் அதில் காலை வைப்பான். அதனால் ஒருவன் கத்தி கேட்டால் பிடியை அவன் பக்கம் திருப்பி, கையில்தான் கொடுப்போம். வாங்குகிறவன் இறுக்கிப் பிடித்த பிறகுதான் விடுவோம். எனக்குத் தெரிந்த கத்தி மரியாதை அவ்வளவுதான்.

கீழே வைப்பது என்றால் எனக்கு ஒரே அர்த்தம். என் அப்பாவுக்குப் பெரிய கங்காணி வீட்டில் எதுவும் கையில் கிடைத்ததில்லை. வெற்றிலை கொடுத்தால் படியில் வைப்பார்கள், தேங்காய் கொடுத்தால் மண்ணில் உருட்டி விடுவார்கள். தொட்டால் தீட்டு. அப்பா குனிந்து எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு சிரித்தபடி வருவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது. பதுளைக்காரனின் குடும்பம் எங்கள் ஆட்கள் இல்லை. ஒரு படி மேலே என்று நினைத்துக்கொள்கிற ஆட்கள். அது எனக்கு முதலிலேயே தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்காரன் என் வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டு, என் காலடியில் ஒரு பொருளை வைத்து, எடுத்துக்கொள் என்கிறான். வேறு என்ன நினைக்கச் சொல்கிறீர்கள்?

அவன் போன பிறகு கத்தியை எடுத்துப் பார்த்தேன். மடக்குக் கத்தி. அது இன்னொரு கோபம். என் வலது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. வாலிபத்தில் பெரகல சந்தியில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு மடக்குக் கத்தி செய்த வேலை அது. ஆட்டுக் கயிற்றை அறுக்கும்போது, விறைத்து நிற்க வேண்டிய அலகு திரும்பி வந்து விரலில் விழுந்தது. அன்றிலிருந்து மடக்குக் கத்தியை வீட்டில் ஏற்றவில்லை. விரல் போன கதையை என் மகள் சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். அப்படிப்பட்ட ஆளுக்கு மடக்குக் கத்தியா? கிண்டல் பண்ணுகிறானா?

"மடக்குக் கத்தியக் குடுத்து என்னைய மடக்கப் பாக்குறான்" என்றேன் மனைவியிடம்.

"ஒங்களயா? அதுக்கு வேற ஆளப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் அலகைத் திருப்பினேன். மெல்லிய கீறல்கள். கடையில் வாங்கிய புதுக் கத்தியில் கீறல் எப்படி வரும்? அலகு மடங்கும் இடுக்கில் ஊசியை விட்டுக் கிண்டினேன். நீல நிறத்தில் ஒரு நைலோன் நூல் வந்தது. மோந்து பார்த்தேன். லேசாக ரப்பர் வாடை. பாவித்த கத்தி! பழசைத் துடைத்துக் கொண்டுவந்து பெண் கேட்டிருக்கிறான். விரலில் பிளாஸ்டர், கீழே வைத்த கத்தி, கத்தியில் கீறல். ஒன்றோடு ஒன்று பொருந்திப்போனது.

மகளைக் கூப்பிட்டுக் கீறலைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியலப்பா" என்றாள். பிறகு என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அழுகிற ஜாதி இல்லை, என்னைப் போலத்தான்.

"நீங்க வேணாம்னா வேணாம்ப்பா. ஒங்கள மீறி நான் போக மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் இன்னொருத்தரக் கூட்டிக்கிட்டு வந்து இஸ்தோப்புல ஒக்கார வைக்காதீங்க. நான் வெளிய வர மாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. இவள் சொன்னால் செய்கிறவள். நான் வேண்டாம் என்று சொல்லும் ஒரு சொல்லில் இவளுடைய கல்யாணமே முடிந்துவிடும். அதனால் வாயில் இருந்த சொல்லை விழுங்கிவிட்டு, "கத்திய மொதல்ல சோதிச்சுப் பாக்குறேன்" என்றேன்.

"கத்தியவா, அவங்களயா?"

"ரெண்டையும்தான்."

அடுத்த நாள் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், கத்தி தோற்க வேண்டும் என்றுதான் ஆசை. கத்தி மடங்கிவிட்டால் ஆளைப் பற்றி நான் வாய் திறக்கவே வேண்டாம், கத்தியையே காட்டிவிடலாம். எச்சரிக்கையாக இடது கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டேன். கத்தி பிடித்த கைக்கும் ஒரு பழைய காலுறையை மாட்டிக்கொண்டேன். இருக்கிற விரல்களாவது மிஞ்சட்டும்.

முதலில் வெற்று உரச்சாக்கு. அந்த நெய்த சாக்கு சமையல்கட்டுக் கத்திக்கு மசியாது, இழை இழையாகப் பிரிந்து வழுக்கும். இது ஒரே இழுப்பில் போனது. சாக்கு ஒரு விஷயமா என்று ஒதுக்கினேன். ஆட்டைக் கட்டும் நைலோன் கயிற்றை எடுத்தேன், என் விரலைத் தின்ற அதே மாதிரிக் கயிறு. மெதுவாக அறுத்தேன், பிறகு அழுத்தி அறுத்தேன், பிறகு வேண்டுமென்றே அலகைக் கோணலாகத் திருப்பி அறுத்தேன். கயிறுதான் துண்டாகியது. ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கறுப்புக் குழாய், வெயிலில் விறைத்துக் கல்லாகிக் கிடந்தது. அதையும் வளையம் வளையமாக வெட்டினேன். கோழிக்கூட்டின் தகரம் பறக்காமல் மேலே போட்டிருந்த பழைய டயரை இறக்கி, அதன் ஓரத்தைச் சீவினேன். கை வலித்தது. கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரர் தண்ணீர் வாளியோடு போகிறவர் நின்று பார்த்தார்.

"என்னாண்ணே, கோழிக்கூட்டோட என்னா சண்டை?"

"பூட்டுப் புடிக்குதான்னு பாக்குறேன்" என்றேன். அந்தக் கத்தியில் அலகை விரித்தால் உள்ளே ஒரு தகடு வந்து முட்டுக்கொடுக்கும். அதைக் கட்டை விரலால் தள்ளினால்தான் மடங்கும். எனக்கு அந்தத் தகட்டின் மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. விரலை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு அது என்ன பெரிய ஆள்?

கடைசியாக மிலாறு. கவ்வாத்தில் வெட்டி விழும் தேயிலைக் கம்புகளைத்தான் அப்படிச் சொல்வோம். காய்ந்த மிலாறுக்கு இணையான வைரம் நான் பார்த்ததில்லை. விறகுக் கோடாலியே அதில் துள்ளும். தடித்த ஒன்றாகப் பார்த்து எடுத்து, முதலில் சீவினேன். பிறகு கணுவில் அலகின் முனையைக் குத்தி இறக்கி, பிடியைப் பின்பக்கமாக வளைத்து அமுக்கினேன். இப்படிச் செய்தால் மடங்கக்கூடிய எந்தக் கத்தியும் மடங்கும். முழங்காலைக் கொடுத்து அமுக்கினேன். கணு பிளந்தது. நான் பின்னால் போய் விழுந்தேன். கத்தி அப்படியே விரிந்தபடி கையில் இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. கத்தி நல்ல கத்தி. ஆனால் என் கேள்வி அதற்குள் இல்லையே. டயரையும் மிலாறையும் வெட்டிப் பார்த்து, ஒருவன் ஏன் என் காலடியில் பொருளை வைத்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தி நன்றாக இருக்க இருக்க என் சந்தேகம் கூடியது. நல்ல பொருளைக் கொடுத்து அவமானப்படுத்துகிறவன்தான் பெரிய ஆள். பெரிய கங்காணி வீட்டுத் தேங்காயும் நல்ல தேங்காய்தான்.

சில நாள் யோசித்தேன். பிறகு ஒரு காலை வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டேன்.

"எங்க?" என்றாள் மனைவி.

"பதுளைக்கு. அந்தப் பையன் வீட்டுக்கு."

"கத்தியோடவா?"

"கத்தியத்தான் குடுக்கப் போறேன். அவன் எனக்கு எப்பிடிக் குடுத்தானோ அப்பிடியே, அவன் காலடியில வச்சிட்டு வந்துர்றேன்."

மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் எங்கே போகிறேன் என்று அவளிடம் சொல்லாமல் போவது எனக்கு நன்றாக இல்லை. ஆனாலும் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். குனிய வேண்டும், வைக்க வேண்டும், திரும்ப வேண்டும். என் அப்பாவுக்காகவும் சேர்த்துத்தான்.

வீடு ஆஸ்பத்திரிப் பாதையில் ஒரு சந்துக்குள் இருந்தது. சின்ன வீடுதான். அன்று அவனுக்கு லீவு, வாசலில் நின்று வரவேற்றான். முகம் வெளுத்துவிட்டது. அவன் அம்மா, "வாங்கண்ணே, வாங்க. நாங்கள்ல வந்து பாத்திருக்கணும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இந்த உபசாரத்துக்கெல்லாம் மயங்குகிறவனா நான்? தேநீர் வந்தது. அதை என் கையில்தான் கொடுத்தார். அது என்னைக் கொஞ்சம் குழப்பியது. கோப்பை வேறாக இருக்குமோ என்று கழுத்தை நீட்டி அலமாரியைப் பார்த்தேன். எல்லாக் கோப்பையும் ஒரே ஜாதிதான். மகன் குடித்ததும் அதே கோப்பை. இருந்தாலும், விருந்தாளி முன்னால் யாரும் ஒழுங்காகத்தான் நடப்பார்கள் என்று சட்டைப் பைக்குள் இருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தேநீரைக் குடித்து முடித்ததும் வைத்துவிட வேண்டியதுதான்.

அந்த அம்மா, "சாப்புட்டுத்தான் போவணும்" என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் படியில் உட்கார்ந்தார். முன்னால் விரித்த சாக்கில் பெரிய பலாக்காய் ஒன்று கிடந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. "அந்தக் கத்திய எடுத்தாப்பா" என்று மகனைப் பார்த்துக் கையை நீட்டினார். அவன் அடுப்படியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்தான். நீட்டிய கையை விட்டுவிட்டு, குனிந்து, அம்மாவின் காலுக்கு முன்னால் கீழே வைத்தான். அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றுமில்லை. சோற்றைப் போட்டுச் சாப்பிடுவது போல நடந்து முடிந்தது.

கோப்பையை ஓரமாக வைத்தேன்.

"ஏன் தம்பி, அம்மா கையிலயே குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அவன் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா சிரித்தார். "கத்திய யாராச்சும் கையில குடுப்பாங்களாண்ணே? குடுத்தவங்களுக்கும் வாங்குனவங்களுக்கும் சண்டை வந்துரும்ல. சின்னதுல இருந்தே இவனுக்குச் சொல்லி வச்சிருக்கேன், வேண்டப்பட்டவங்கன்னா கீழ வச்சுத்தான் குடுக்கணும்னு. ஒங்க பக்கம் இல்லையா?"

"எங்க பக்கம் கையிலதாங்க" என்றேன்.

"அப்பிடியா!" என்று ஆச்சரியப்பட்டு, பலாக்காயில் கத்தியை இறக்கினார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. பிடி ஆடியது. இழுத்துக்கொண்டே பேசினார். "ஒங்களுக்குக் கத்தி வாங்கப் போயி இவன் பட்ட பாடு இருக்கே! ஒங்க விரல் சங்கதிய புள்ள சொல்லியிருக்கு போல. அப்பா ஆசப்பட்டு வாங்குன சாமானாம், அதுக்கப்புறம் தொடவே இல்லையாம்னு. மடங்காத மடக்குக் கத்தியா ஒன்னு குடுக்கணும்னு இவனுக்கு ஒரே புடி. மொதல்ல ஒன்னு வாங்கிட்டு வந்தான், பளபளன்னு. இந்தா இந்த மரத்துல நீலக் கயித்தக் கட்டி அறுத்துப் பாத்தான். மடங்கி விரல்லயே விழுந்துருச்சு. இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுனோம். அத வீசிட்டு இன்னொன்னு வாங்கி, கயிறு, கராஜ் டயரு, பைப்புன்னு கண்ணுல பட்டதையெல்லாம் அறுத்தான். பூட்டு நிக்குதுன்னு தெரிஞ்ச பொறகுதான் கொண்டாந்தான்."

"அம்மா, போதும்" என்றான் அவன். காது சிவந்துவிட்டது. பிளாஸ்டர் போன இடத்தில் விரலில் சிவந்த தழும்பு இருந்தது. எனக்கு விரல் போன அதே பக்கம்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கயிறு, டயர், குழாய். நான் எதையெல்லாம் அறுத்துப் பார்த்தேனோ அதையெல்லாம் இவன் எனக்கு முன்பே அறுத்திருக்கிறான். நான் கத்தி தோற்க வேண்டும் என்று அறுத்தேன். இவன் என் விரல் தப்ப வேண்டும் என்று தன் விரலைக் கொடுத்து அறுத்திருக்கிறான். மிலாறு ஒன்றுதான் நான் கூடுதலாகச் செய்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை இருமலாக மாற்றிவிட்டேன்.

அந்த அம்மா இன்னும் பலாக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், பையிலிருந்து கத்தியை எடுத்தேன். குனிந்தேன். அவன் காலுக்கு முன்னால் கீழே வைத்தேன். கத்தியைத் தரையில் வைத்து எனக்குப் பழக்கமில்லை. கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

அவன் கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு காய்ந்துவிட்டது. "திருப்பிக் குடுக்குறீங்களா மாமா?" என்றான்.

அதைத்தான் செய்ய வந்தேன் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. என் மனைவி போன் பண்ணியிருப்பாள். அவளை நான் அறிவேன்.

"அம்மா கஷ்டப்படுறாங்க. மொதல்ல காயை அறுங்க" என்றேன். "அறுத்துட்டுத் தாங்க. அது என் கத்தி."

அவன் உட்கார்ந்து அறுத்தான். அந்தத் தோலும் தண்டும் கத்திக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பால் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அறுத்தான். முடித்ததும் துணியால் வழித்துத் துடைத்து, தகட்டைத் தள்ளி மடக்கி, குனிந்து என் காலடியில் வைக்கப் போனான். நான் கையை நீட்டினேன்.

"கீழ வைக்காதீங்க மாப்பிள்ள. இங்க குடுங்க."

"ஐயோ, வேணாண்ணே" என்று அவன் அம்மா பதறினார். "கையில வாங்காதீங்க, சண்டை வந்துரும்."

"வரட்டும்ங்க. மாமனாரு மருமகன்னு ஆனா, வராமலா இருக்கும்?"

அவன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கத்தியை என் உள்ளங்கையில் வைத்தான். நான் இறுக்கிப் பிடித்த பிறகுதான் விட்டான்.

உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். யாரோடு பேசப் போகிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.